காதால் கேட்கும் ஆரோக்கியம்: பாட்காஸ்ட் கேட்பது எப்படி? எதைக் கேட்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் என்ன செய்கிறார்கள்? மெயில் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். இந்த வரிசையில் சேர வேண்டிய இன்னொன்று பலருக்கும் தெரியாமலே இருக்கிறது. அதுதான் பாட்காஸ்ட். இதற்குத் தனியாகச் செலவு இல்லை. கண்ணுக்கு வேலை இல்லை. காய்கறி நறுக்கிக் கொண்டே கேட்கலாம், துணி மடித்துக் கொண்டே கேட்கலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் வீடியோ பார்க்கக் கண் ஒத்துழைப்பதில்லை. அதனால் காதால் கேட்கப் பழகினேன். நான் அதிகம் கேட்பவை மூன்று விஷயங்கள் பற்றியவை. மனித உடலும் மூளையும் எந்த அளவுக்கு வேலை செய்ய முடியும்? அடி விழுந்தால் மனம் எப்படி மீண்டு எழுகிறது? தூக்கம், நடை, உணவு போன்ற அன்றாடப் பழக்கங்கள் நம்மை என்ன செய்கின்றன?

இந்தத் தலைப்புகளில் பாட்காஸ்ட்கள் குவிந்து கிடக்கின்றன. நல்லதும் உண்டு, பவுடரும் மாத்திரையும் விற்பதற்காகவே பேசப்படுவதும் உண்டு. எனவே இந்தக் கட்டுரையில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். முதலில், கேட்பது எப்படி? அடுத்து, எவற்றைக் கேட்கலாம்? கடைசியாக, கேட்டதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பாட்காஸ்ட் என்றால் என்ன?

ரேடியோ நிகழ்ச்சி போன்றதுதான். ஆனால் ஒலிபரப்பாகும் நேரத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சியை ஒலி பைலாகப் பதிவு செய்து இன்டர்நெட்டில் ஒரு சர்வரில் வைத்து விடுகிறார்கள். பெரும்பாலும் இது எம்.பி.3 பைலாக இருக்கும். அதனுடன் ஆர்.எஸ்.எஸ். எனப்படும் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைலும் இருக்கும். எந்த எபிசோட் எப்போது வந்தது, அதன் தலைப்பு என்ன, எம்.பி.3 எந்த முகவரியில் உள்ளது என்ற பட்டியல் இதில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம் அவ்வப்போது இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்து, புதிய எபிசோட் வந்திருந்தால் காட்டும். வீட்டு வாசலில் பேப்பர் போட்டு விட்டுப் போவது போன்ற ஏற்பாடு இது.

ஆர்.எஸ்.எஸ். பட்டியலில் ஒலி பைலை இணைக்கும் வசதி 2000ல் சேர்க்கப்பட்டது. ஆப்பிளின் ஐபாட் என்ற பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் இணைத்துப் பாட்காஸ்ட் என்ற சொல் 2004ல் பிறந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் 4.9 பதிப்பில் இந்த வசதியைச் சேர்த்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்று ஐபாட் உற்பத்தியே நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எவ்வளவு டேட்டா செலவாகும் என்று கேட்பீர்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்.பி.3 பைல் என்றால் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்பி. ஒரு மணி நேர எபிசோட் 58 எம்பி அளவில் முடிந்துவிடும். வீடியோவுடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

கம்ப்யூட்டரில் கேட்பது எப்படி?

முதல் வழி மிக எளிது. பிரவுசரைத் திறந்து ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் தளத்திற்குச் செல்லவும். ஐபோன் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இந்தத் தளம் திறக்கும். தேடல் கட்டத்தில் நிகழ்ச்சியின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். எபிசோட் பட்டியல் கிடைக்கும். வேண்டியதன் அருகே உள்ள முக்கோணப் பட்டனைக் கிளிக் செய்தால் ஒலிக்கத் தொடங்கும். ஸ்பாட்டிபை, யூடியூப் ஆகியவற்றிலும் பல நிகழ்ச்சிகள் உள்ளன. முன்பு பலர் பயன்படுத்திய கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ல் மூடப்பட்டுவிட்டது. எனவே பழைய புத்தகங்களில் அதன் பெயரைப் பார்த்தால் தேட வேண்டாம்.

இரண்டாவது வழி, விஎல்சி பிளேயர். படம் பார்ப்பதற்காக இதனை ஏற்கனவே இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். இதிலும் பாட்காஸ்ட் வசதி இருக்கிறது.

1. பாட்காஸ்ட் நிகழ்ச்சியின் இணைய தளத்திற்குச் சென்று ஆர்.எஸ்.எஸ். என்ற லிங்க் உள்ளதா எனப் பார்க்கவும். அதன் மீது ரைட் கிளிக் செய்து லிங்க் முகவரியைக் காப்பி செய்திடவும்.
2. விஎல்சி பிளேயரைத் திறந்து வியூ மெனுவில் பிளேலிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கண்ட்ரோல் + எல் அழுத்தினாலும் போதும்.
3. இடது பக்கப் பட்டியலில் இன்டர்நெட் என்ற பிரிவின் கீழ் பாட்காஸ்ட்ஸ் இருக்கும். அதன் மீது மவுஸைக் கொண்டு சென்றால் ஒரு கூட்டல் குறி தெரியும். அதில் கிளிக் செய்திடவும்.
4. திறக்கும் கட்டத்தில் முகவரியைப் பேஸ்ட் செய்து ஓகே கிளிக் செய்திடவும். எபிசோட்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆண்ட்ராய்ட் போனில் கேட்க விரும்புவோர் ஆன்டெனாபாட் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் ஆப்பைப் பயன்படுத்தலாம். அக்கவுண்ட் திறக்கத் தேவையில்லை. வீட்டு வை-பையில் டவுன்லோட் செய்து வைத்துக் கொண்டு பஸ்ஸில் கேட்கலாம்.

ஆங்கிலம் புரியுமா?

நான் இங்கு சொல்லப் போகும் நிகழ்ச்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. அமெரிக்க, பிரிட்டன் உச்சரிப்பு முதலில் ஓட்டமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். மூன்று வசதிகள் உண்டு.

வேகத்தைக் குறைக்கலாம். ஏறத்தாழ எல்லாப் பிளேயர்களிலும் 1 எக்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதனை 0.8 என மாற்றினால் பேச்சு நிதானமாகும். விஎல்சியில் கீ போர்டில் உள்ள இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியைத் தட்டத் தட்ட வேகம் சிறிது சிறிதாகக் குறையும்.

பேசுவதை எழுத்தாகப் பார்க்கலாம். விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + எல் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் லைவ் கேப்ஷன்ஸ் திறக்கும். முதல் முறை மட்டும் அனுமதி கேட்டு ஒரு பைலை இறக்கிக் கொள்ளும். பிறகு கம்ப்யூட்டரில் எந்த ஆங்கிலப் பேச்சு ஒலித்தாலும் திரையின் மேல் பகுதியில் எழுத்தாக ஓடும். பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ் சென்று, அக்சஸிபிலிட்டி பிரிவில் லைவ் கேப்ஷன் வசதியை இயக்கலாம்.

மூன்றாவது, பல நிகழ்ச்சிகள் முழு உரையாடலையும் தங்கள் தளத்தில் எழுத்தாகவே தருகின்றன. ஒரு முறை படித்துவிட்டுக் கேட்டால் எளிதாகப் புரியும். ஆங்கிலம் பழகவும் இது நல்ல வழி.

நான் பரிந்துரைக்கும் ஆறு

நிகழ்ச்சியை மட்டும் சொன்னால் நூற்றுக்கணக்கான எபிசோட்களில் எதைத் தொடுவது என்று தெரியாது. எனவே எந்த எபிசோட் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. 13 மினிட்ஸ் டு தி மூன் (பிபிசி வேர்ல்ட் சர்வீஸ், 2019)

கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடத்துபவர் கெவின் பாங். இவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர். 1969 ஜூலை 20ல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய கடைசி 13 நிமிடங்கள்தான் கதை.

இறங்கிக் கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் 1202 என்ற அலார்மைக் காட்டுகிறது. விண்வெளி வீரர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. பூமியில் இருந்த 26 வயது ஸ்டீவ் பேல்ஸ், சில நொடிகளில் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். அவருக்குத் துணையாக இருந்த ஜாக் கார்மனுக்கு வயது 24. தொடரலாம் என்றார்கள். எப்படித் துணிந்தார்கள்? சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே போன்ற ஒரு அலார்மைப் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே கொடுத்தார்கள். அன்று பேல்ஸ் பயணத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார். அது தவறு என்று பிறகு தெரிந்தது. உடனே எல்லா அலார்ம்களையும் ஆராய்ந்து பட்டியல் போடும்படி உத்தரவு வந்தது. கார்மன் கையால் எழுதி வைத்துக் கொண்ட அந்தப் பட்டியல்தான் நிலவில் இறங்கும்போது கை கொடுத்தது.

அந்தக் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் 2048 சொற்கள் கொண்டது. இன்றைய கணக்கில் 4 கேபி. உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் அது இதனைப் போல் 20 லட்சம் மடங்கு. வேலைப் பளு கூடியபோது அந்தக் கம்ப்யூட்டர் முக்கியம் இல்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குவதற்குத் தேவையான கணக்குகளை மட்டும் விடாமல் செய்தது. அதற்குத்தான் அந்த அலார்ம். அப்படி இயங்கும்படி புரோகிராம் முன்பே எழுதப்பட்டிருந்தது. நெருக்கடியில் பதறாமல் இருப்பது பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் கேட்க வேண்டிய தொடர் இது. அந்த இளைஞர்களைப் பற்றிய "கிட்ஸ் இன் கண்ட்ரோல்", கம்ப்யூட்டர் பற்றிய "தி போர்த் ஆஸ்ட்ரோநாட்" ஆகிய இரண்டையும் முதலில் கேட்கவும்.

2. ஹிடன் பிரைன்: "வாட் வீ கெயின் பிரம் பெயின்" (2023)

நடத்துபவர் சங்கர் வேதாந்தம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். நிதானமான குரல், தெளிவான ஆங்கிலம். புதியவர்களுக்கு ஏற்றது.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையிலேயே அப்படித்தானா? இந்தக் கேள்வியை ஆராய்பவர் எரந்த ஜயவிக்ரம என்ற உளவியல் பேராசிரியர். போர்க் கால இலங்கையில் வளர்ந்தவர். பெரிய துன்பத்திற்குப் பின் வரும் மன வளர்ச்சி என்ற கருத்தை ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹவுன் ஆகிய இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் முன்வைத்தனர். அதன் பிறகு ஏராளமான ஆய்வுகள் வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றில், துன்பம் நடந்த பிறகு, "நீங்கள் மாறியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பதிலை எழுதிக் கொண்டார்கள். முன்பு எப்படி இருந்தார் என்பதையும் அளந்து, பின்பும் அளந்து ஒப்பிட்டால், மாறிவிட்டேன் என்று சொல்வதும் உண்மையில் மாறியதும் பல நேரம் ஒத்துப் போவதில்லை.

இதனை ஏன் பரிந்துரைக்கிறேன்? வேலை போனவரிடமும், வீட்டில் ஒருவரை இழந்தவரிடமும் "எல்லாம் நல்லதுக்கே" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அவர் பழைய நிலைக்குத் திரும்பினாலே பெரிய விஷயம். இன்னும் மேலானவராக வர வேண்டும் என்ற சுமையையும் அவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. இதை எனக்குத் தெளிவாக்கியது இந்த எபிசோட்தான்.

3. ரேடியோலாப்: "லிமிட்ஸ்" (2010)

உடல் களைத்துவிட்டது என்று சொல்வது யார், தசையா, மூளையா? 1982ல் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் பெண்கள் பிரிவில் முதலிடத்தில் வந்து கொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, எல்லைக் கோட்டிற்குச் சில கஜ தூரத்தில் விழுந்தார். வேறொருவர் முந்திச் சென்றுவிட்டார். மாஸ் தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டு இரண்டாம் இடம் பெற்றார். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஏறத்தாழ 4800 கிலோமீட்டர் சைக்கிள் போட்டியில் ஐந்து முறை வென்ற ஸ்லோவேனிய ராணுவ வீரர் யூரே ரோபிச் பற்றியும் இதில் வருகிறது. தூக்கமின்றி ஓட்டி ஓட்டி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் நிலை வரை அவர் சென்றிருக்கிறார்.

உடல் உண்மையிலேயே தீர்ந்து போவதற்கு முன்பே மூளை பிரேக் போட்டு விடுகிறது என்பது ஒரு கருத்து. எல்லா விஞ்ஞானிகளும் இதனை ஏற்கவில்லை. கேட்கச் சுவையானது, பின்பற்றுவதற்கு உரியது அல்ல. ரோபிச் 2010 செப்டம்பரில் சைக்கிள் ஓட்டும்போது கார் மோதி இறந்தார்.

4. தி ஹேப்பினஸ் லேப்: "எ சில்வர் லைனிங்" (2019)

ஏல் பல்கலைக் கழகப் பேராசிரியை லாரி சாண்டோஸ் நடத்துவது. 2018ல் இவர் தொடங்கிய மகிழ்ச்சி பற்றிய பாடத்தில் அந்தப் பல்கலைக் கழகத்தின் இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சேர்ந்தார்கள்.

இரண்டாம் இடம் பெற்றவருக்கு மூன்றாம் இடம் பெற்றவரை விட மகிழ்ச்சி அதிகம் இருக்க வேண்டும் அல்லவா? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முடிவு தெரிந்த நொடியில் வீரர்களின் முகங்களைப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். வெண்கலம் பெற்றவர்களுக்கு 7.1, வெள்ளி பெற்றவர்களுக்கு 4.8. இந்த ஆய்வு 1995ல் வெளிவந்தது. வெள்ளி பெற்றவர் தங்கத்தை நினைக்கிறார். வெண்கலம் பெற்றவர் வெறும் கையோடு திரும்பியிருக்கலாமே என்று நினைக்கிறார். பிளஸ் டூ மார்க் வரும் வீடுகளில், ரிசல்ட்டுக்கு முந்தைய வாரம் பெற்றோர் கேட்க வேண்டிய எபிசோட் இது.

5. ஜஸ்ட் ஒன் திங்: "ஸ்டேண்ட் ஆன் ஒன் லெக்" (பிபிசி ரேடியோ 4, 2021)

நேரம் இல்லை என்பவர்களுக்கு இது. ஒவ்வொரு எபிசோடும் கால் மணி நேரம்தான். ஒரு எபிசோடுக்கு ஒரே ஒரு பழக்கம். நடத்தியவர் மைக்கேல் மோஸ்லி, மருத்துவம் படித்த டிவி தயாரிப்பாளர். 2024 ஜூனில் காலமானார். பழைய எபிசோட்கள் இப்போதும் கேட்கத் தகுந்தவை. பிபிசி சவுண்ட்ஸ் சேவை 2025ல் வெளிநாட்டினருக்கு நிறுத்தப்பட்டுவிட்டதால், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்ற தளங்களில் தேடவும்.

பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள் என்பதுதான் செய்தி. வயது ஏறும்போது உடலின் சமநிலை குறைகிறது. விழுந்து இடுப்பு எலும்பு முறிவது முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து. வீட்டில் பெரியவர்கள் முயன்றால் சுவர் அல்லது மேஜை பக்கத்தில் இருக்க வேண்டும். ஈரமான குளியலறைத் தரையில் வேண்டவே வேண்டாம்.

6. ஹியூபர்மேன் லேப்: "மாஸ்டர் யுவர் ஸ்லீப்" (2021)

ஸ்டான்போர்ட் பல்கலைக் கழக நரம்பியல் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹியூபர்மேன் 2021ல் தொடங்கிய நிகழ்ச்சி. காலை வெளிச்சத்திற்கும் இரவுத் தூக்கத்திற்கும் உள்ள தொடர்பை விளக்குகிறார். நம் விழித்திரையில் உருவத்தைப் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளையின் கடிகாரத்திற்குத் தெரிவிக்கும் தனி வகைச் செல்களும் உண்டு. எழுந்ததும் வாசலிலோ மொட்டை மாடியிலோ சிறிது நேரம் நின்றால் அந்தக் கடிகாரம் சரியாக அமைகிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இரவு வெகு நேரம் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களுக்குப் பயன்படும்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு எச்சரிக்கை தேவை. எபிசோட்கள் நீளமானவை. நிலைநாட்டப்பட்ட உண்மையும், எலியிடம் மட்டும் சோதித்துப் பார்த்ததும், அவருடைய சொந்தப் பழக்கமும் ஒரே குரலில் அடுத்தடுத்து வரும். சத்துப் பவுடர், மாத்திரை விற்கும் நிறுவனங்களும் இதற்கு விளம்பரதாரர்களாக இருந்துள்ளன. நல்லதை எடுத்துக் கொண்டு மற்றதை விட்டுவிடப் பழக வேண்டும்.

கேட்டதை எல்லாம் செய்யலாமா?

கூடாது. என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் மாத்திரை சாப்பிடுபவர். சென்ற ஆண்டு ஒரு பாட்காஸ்டில், நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடலுக்கு நல்லது என்று கேட்டார். அடுத்த நாளே காலை டிபனை நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் வழக்கம் போல் விழுங்கினார். பதினோரு மணிக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சித்தி பயந்து போய்ச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்ததால் சமாளித்துக் கொண்டார். டாக்டர் பிறகு விளக்கினார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடலில் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அந்த எபிசோடை நானும் தேடிக் கேட்டேன். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எங்கே? ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில்! சித்தப்பா பாதியிலேயே நிறுத்தியிருந்தார். நீளமான நிகழ்ச்சிகளில் உள்ள ஆபத்து இதுதான். ஆசை காட்டும் பேச்சு முதலில் வரும், எச்சரிக்கை கடைசியில் வரும்.

எனவே எந்த எபிசோடைக் கேட்டாலும் இந்த நான்கு கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: யாரிடம் சோதித்தார்கள்? எலியிடமா, மனிதரிடமா? இருபது வயது விளையாட்டு வீரரிடம் பலித்தது, அறுபது வயதில் மருந்து சாப்பிடுபவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

இரண்டு: ஒன்றினால் மற்றொன்று நடந்ததா, இல்லை இரண்டும் சேர்ந்து நடந்தனவா? மேலே சொன்ன ஒற்றைக் கால் விஷயத்தையே பாருங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1702 பேரைச் சோதித்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களில், பின் வந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் அதிகம். அப்படியானால் ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடுமா? ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நிற்க முடியாதது, உடலில் வேறு கோளாறுகள் இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். காரில் எரிபொருள் விளக்கு எரிகிறது என்றால் பெட்ரோல் குறைவு என்று பொருள். பல்பைக் கழற்றிவிட்டால் டேங்க் நிரம்பாது.

மூன்று: பேசுபவர் எதையாவது விற்கிறாரா? தள்ளுபடிக் கோட் சொன்னால் அந்த இடத்தில் காதைத் தீட்டிக் கொள்ளவும். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்தப் பொருளைப் பற்றிய பேச்சை விளம்பரமாகவே எடுத்துக் கொள்ள வேண்டும்.

நான்கு: ஆதாரம் தருகிறாரா? ஒவ்வொரு எபிசோடுக்கும் கீழே ஷோ நோட்ஸ் என்ற குறிப்பு இருக்கும். நல்ல நிகழ்ச்சிகளில் ஆய்வுக் கட்டுரைகளின் லிங்க் அங்கே இருக்கும். எச்சரிக்கைகளும் பல நேரம் அங்கே இருக்கும். கேட்பதற்கு முன் இதனை ஒரு முறை படித்துவிடவும். இரண்டு நிமிட வேலைதான்.

நடப்பது, நேரத்தில் தூங்குவது, காலை வெளிச்சத்தில் நிற்பது போன்றவற்றைப் பெரும்பாலோர் தாங்களே முயன்று பார்க்கலாம். உணவை நிறுத்துவது, மாத்திரையைக் கூட்டுவது அல்லது குறைப்பது, புதிய பவுடர் சாப்பிடுவது ஆகியவற்றிற்கு உங்கள் டாக்டரின் அனுமதி வேண்டும். பாட்காஸ்டில் பேசுபவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவர் பார்த்தது இல்லை.

தொடங்குபவர்களுக்குச் சில டிப்ஸ்

* ஒரே நாளில் இருபது நிகழ்ச்சிகளைச் சேர்க்க வேண்டாம். கேட்காத எபிசோட்கள் குவிந்தால் சலிப்புத்தான் வரும். இரண்டு போதும்.

* முதல் வாரம் ஜஸ்ட் ஒன் திங். இரண்டாம் வாரம் ஹிடன் பிரைன். காது பழகிய பின் நிலவுக்குப் போகலாம். நீளமான ஹியூபர்மேனைக் கடைசிக்கு வைத்துக் கொள்ளவும்.

* ஹெட்போன் ஒலியை அளவாக வைக்கவும். 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது காதில் விழவில்லை என்றால் ஒலி அதிகம் என்று பொருள்.

* சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஹெட்போன் வேண்டாம்.

* டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் பைல் திறந்து, எபிசோட் பெயர், கேட்ட ஒரு செய்தி, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று மூன்று வரி எழுதி வைக்கவும். அடுத்த முறை செக்கப் செல்லும்போது அதனைப் பிரின்ட் எடுத்துச் செல்லலாம். சித்தப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். பாட்காஸ்ட் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. எபிசோடைக் கடைசி வரை கேட்கிறார், அவ்வளவுதான்.